மூன்று மஞ்சள் தீற்றல்

எங்கள் கழனி வரப்பில் ஐந்து நிமிஷம் உட்கார வேண்டுமென்றால் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளப் பழக வேண்டும். ஊறுகாய்ப் பாக்கெட், மென்று துப்பிய கோழி எலும்பு, அதன்மேல் மொய்க்கிற ஈ, எவனோ உட்கார்ந்த இடத்திலேயே எடுத்த வாந்தி, எல்லாவற்றுக்கும் மேலே மூத்திர நாற்றம். கிராமத்து மண் வாசனை என்று உருகுகிறவர்கள் ஒருநாள் எங்கள் பக்கம் வந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்க்கட்டும்.

காரணம் ரகசியமில்லை. எங்கள் நிலம் பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகிற வழியில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே விற்பதைவிட இங்கே பிராந்தி மலிவு. சாயங்காலமானால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பைக்குக்கு மூன்று பேராக வந்து இறங்குவார்கள். பாட்டிலோடு திரும்பினால் செக்போஸ்ட்டில் மாட்டிக்கொள்வார்கள். வயிற்றுக்குள் போனதை யார் பிடிக்க முடியும்? அதனால் இங்கேயே, எங்கள் வரப்பில், எங்கள் மோட்டார் கொட்டகை நிழலில் குடித்து முடித்துவிட்டுப் போவார்கள். போகும்போது வெறும் பாட்டிலைக் கொட்டகைச் சுவரில் அடித்து உடைப்பதில் அந்த ஜென்மங்களுக்கு என்ன சந்தோஷமோ, கருமம். சிதறுவதெல்லாம் கழனிக்குள் வந்து விழும்.

இதனால் எங்கள் பக்கத்து விவசாயத்தில் ஒரு வேலை கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. டிராக்டர் இறங்குமுன் கோணியை எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி பொறுக்க வேண்டும். அதோடு விடாது. சேறு கலங்கச் சேடை ஓட்டி, அதைச் சமப்படுத்தி, தண்ணீர் கட்டிய பிறகு, நடவன்று காலையில் நிலத்துக்காரர் வரப்பைச் சுற்றி ஒரு நடை வர வேண்டும். முந்தின சாயங்காலம் புதிதாக உடைத்துப் போட்டிருப்பார்களே. தெளிந்த தண்ணீரில் சில்லு கிடந்தால் காலை வெயில் பட்டு மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் பொறுக்கிவிட்டு, "பாத்தாச்சு, எறங்குங்க" என்று சொன்னால்தான் நடவுப் பெண்கள் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு உள்ளே கால் வைப்பார்கள். அவர்கள் காலுக்குக் காவல் அந்த ஒரு வார்த்தைதான். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் நடந்தார். அவர் போன பிறகு அது என் தலையில் விழுந்தது.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சேற்றில் கால் வைத்தவள் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்று பெங்களூரில் இருக்கிற மகள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் கேட்கவில்லை. தினம் அந்த அசிங்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தி, ரத்தக்கொதிப்புதான் ஏறியது. டாக்டர், மனசு லேசாகிற மாதிரி ஏதாவது பழகிக்கொள்ளுங்கள் என்றார். மகள் போனிலேயே புதுச்சேரியில் ஒரு ஓவிய வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள். நாலு ஞாயிற்றுக்கிழமை.

அந்த வகுப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் வாய் சும்மா இருக்காது. ஊதுவத்திப் புகை, பாய் விரித்த தரை, கசங்கின பருத்திச் சட்டை போட்ட மாஸ்டர். பென்சில் கூடாது, ரப்பர் கூடாது. உற்றுப் பார்க்கவே கூடாதாம். கொக்குக்கு ஒரு தீற்றல், மரத்துக்கு மூன்று, மூச்சை விடுவதற்குள் பிரஷ்ஷை எடுத்துவிட வேண்டும், அப்படிச் செய்தால் இயற்கை நமக்குள் வந்துவிடும் என்பார். சுற்றி இருந்தவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். ஜன்னல் ஓரத் தொட்டியில் இருந்த மணிபிளான்ட்டைப் பார்த்துத் தீற்றிவிட்டு ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது என்று சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். என்னைப் போய் உற்றுப் பார்க்காதே என்றால்?

ஆனால் கை கேட்டுவிட்டது, அதுதான் கொடுமை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் தீட்டிய ஈரத் தாளில் வெள்ளையைத் தொட்டு ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. கொக்கு நின்றது. ஒற்றைக்கால் வேறு. நான் வரைந்தேனா, தானாக வந்து நின்றதா என்று சந்தேகமாக இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னலுக்கு வெளியே தென்னை, பனை, கரும்பு எல்லாம் தீற்றல் தீற்றலாகத் தெரிந்தன. பக்கத்து சீட்டுக்காரன் செல்போனில் சினிமாப் பாட்டை அலறவிட்டிருந்தான். எப்போதும் திட்டுகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு காலையில் கழனிக்குப் போகும்போது பையில் வண்ண டப்பாவும் தாள் அட்டையும் இருக்கும். நாற்றம் எட்டாத இடமாகப் பார்த்து மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் ஒரு வசதி. வாந்திக்குத் தீற்றல் கிடையாது. ஊறுகாய்ப் பாக்கெட்டுக்குக் கிடையாது. பச்சை, சாம்பல், வெள்ளை, கொஞ்சம் மஞ்சள், வேலை முடிந்தது. ஒருமுறை ஏழு கொக்கு போட்டேன். ஆறு பறந்து போயின, ஒன்று மட்டும் அங்கேயே நின்றது. எழுந்து போய்ப் பார்த்தால் வைக்கோல் துரும்பில் மாட்டிக்கொண்ட கேரிபேக். சீ என்றிருந்தது. ஆனால் தாளில் அது கொக்காகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பொங்கல் கழிந்து நவரைப் பட்டத்து நடவு. விடிந்த கையோடு போய்விட்டேன். பனி முழுதாக விலகவில்லை. தண்ணீர் கட்டின கழனி அசையாமல் கிடந்தது. முறைப்படி தென்மேற்கு மூலையிலிருந்து வரப்பில் நடக்க ஆரம்பித்தேன். பாதிச் சுற்று சரியாகத்தான் வந்தேன், ஒன்றுமில்லை. மோட்டார் கொட்டகை வடகிழக்கில், எங்கள் ஜனங்கள் ஈசானி மூலை என்கிற இடத்தில் இருக்கிறது. அதை நெருங்க இருபது அடி இருக்கும்போதே அடித்தது வாடை. வரப்பு நெடுக வாந்தி, பாதி காய்ந்து பாதி காயாமல். நாய் ஒன்று அதைத் தின்றுகொண்டிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டேன். ஆட்கள் வந்த பிறகு ஒருத்தியை விட்டு மண்ணை அள்ளிப் போடச் சொல்லிவிட்டு மீதியைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

புறப்பட்ட தென்மேற்கு மூலைக்கே போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபோது வெயில் வந்தது. எதிரே ஈசானி மூலை. கொட்டகை கருப்பாக ஒரு கட்டை. அதற்குப் பின்னால் பனை நாலு. சேற்றில் ஐந்து கொக்கு, ஐந்தும் நிஜக் கொக்கு. தண்ணீர் ஈயத் தகடாக இருந்தது. அதில் கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று இடத்தில் வெளிச்சம் பளிச்சென்று தெறித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு போட்டேன். கொட்டகைக்கு ஒன்று, பனைக்கு நாலு, கொக்குக்கு ஐந்து, கடைசியில் பிரஷ் நுனியில் மஞ்சளும் வெள்ளையும் தொட்டு டக், டக், டக் என்று மூன்று. அந்த மூன்றும் விழுந்ததும் தாள் முழுக்க உயிர் வந்தது. என் ஆயுளில் அப்படி ஒன்று நான் போட்டதில்லை.

அந்த நேரத்தில்தான் நடவுப் பெண்களின் வண்டி வந்து நின்றது. ஆட்களைக் கூட்டி வருகிறவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முப்பது வருஷமாக எங்கள் கழனியில் முதல் நாற்று அவள் கையால்தான் நடுவது. அதுவும் ஈசானி மூலையில், கிழக்கைப் பார்த்து. வரப்பில் நின்றபடி கேட்டாள்.

"சுத்திப் பாத்துட்டீங்களா, டீச்சரம்மா?"

தாள் காய்வதற்குள் கொக்கின் காலை இழுத்துவிட வேண்டும் என்று நான் குனிந்திருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"பாத்துட்டேன், எறங்குங்க" என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு முடி நாற்றோடு அந்த மூலைக்குப் போய் இறங்கினாள். நாலு எட்டு வைத்தவள் அப்படியே நின்று வலது காலை மட்டும் மேலே தூக்கினாள். பாதத்திலிருந்து சேறு வழிந்தது, அதற்குப் பிறகு சேறு இல்லாத வேறொன்று வழிந்தது. ஈய நிறத் தண்ணீரில் அது பரவியதைப் பார்த்தபோது, இந்தச் சிவப்பு என் டப்பாவில் இல்லையே என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. இதை எழுதாமல் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தோன்றியது. இன்றைக்கும் அந்த நொடியை நினைத்தால் என் மேலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

ஓடிவந்த ஒரு பெண் அவள் கால் அருகே துழாவி இன்னொரு பெரிய சில்லை எடுத்து வரப்பில் எறிந்தாள். பைக்கில் உட்காரவைத்து பாகூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து புதுச்சேரிக்கு. கட்டைவிரல் நரம்பு அறுந்திருந்தது. ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு. புண் ஆறும்வரை சேறு ஆகாது, கவனமாக இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பருவம் முழுக்க நடவு போயிற்று அவளுக்கு. நடவு தெரிந்தவளுக்கு நடவு இல்லாத நவரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நான் குடிகாரர்களைத் திட்டிய திட்டு நாலு ஊர் தாண்டிக் கரியமாணிக்கம்வரை கேட்டிருக்கும். கட்டையில போறவனுங்க, நாசமாப் போறவனுங்க, அவனுங்க காலு அழுகிப் போவ. எல்லாரும் ஆமாம் போட்டார்கள். எல்லாம் நியாயமான திட்டுதான். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. திட்டத் திட்ட எனக்கு லேசாக இருந்தது. நான் பாதியில் திரும்பி வந்ததை யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. மிச்சப் பெண்கள் மேற்கிலிருந்து தடவித் தடவி நட்டு முடித்தார்கள்.

இதற்குமேல் செய்ததைச் சொல்லவே கூசுகிறது. சாயங்காலம் வீட்டில் பையைத் திறந்தேன். தாள் காய்ந்து அற்புதமாக இருந்தது. கை சும்மா இருந்ததா? போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். 'எங்கள் கழனி, காலை வெயில்' என்று ஒரு வரி வேறு. மகள் இதயம் இதயமாக அனுப்பினாள். மாஸ்டர், உங்கள் ஒளி பேசுகிறது அம்மா, இதுதான் இயற்கையோடு ஒன்றுவது என்று எழுதியிருந்தார். அதை நான் இரண்டு முறை படித்தேன்.

மூன்று வாரம் கழித்து நாற்று வேர் பிடித்துக் களை மண்டியது. களையெடுக்க ஆள் வேண்டும். அந்த மூன்று வாரமும் அடிபட்டவளுக்குப் பழம், ரொட்டி, மாத்திரை எல்லாம் ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தேனே தவிர, நான் போகவில்லை. இப்போதுதான் அவள் வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்க்கப் போனேன் என்றால் பொய். அவள் மருமகள்தான் இப்போது வாட்ஸ்அப்பில் ஆள் சேர்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, நாளைக்கு எட்டுப் பேர் வேண்டும் என்று சொல்லப் போனேன்.

அவள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். பாதத்தில் சுற்றியிருந்த துணிக்கட்டின்மேல் மருந்தின் மஞ்சள் கறை. ஈ உட்காராமல் இருக்க ஒரு துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை மடக்கப் பார்த்தாள். வேண்டாம் என்றேன். வெயில், மழை, பேரன் பள்ளிக்கூடம் என்று கொஞ்சநேரம் பேசினோம். கால் புண்ணைப் பற்றி அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நாளைக்குக் களை, எட்டுப் பேர் வேண்டும் என்றேன். சரி என்றாள். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு, அந்தப் படத்தை எடு என்றாள்.

மருமகள் கொண்டுவந்த செல்போனில் என் படம் இருந்தது. ஸ்டேட்டஸில் பார்த்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

"இது நம்ம கழனிதானம்மா?" என்றாள் மாமியார்.

ஆமாம் என்றேன்.

"நல்லாத்தான் போட்டுருக்கீங்க. கொட்டாய் தெரியுது, பனை தெரியுது." மஞ்சளின்மேல் விரலை வைத்தாள். "இது இன்னா மூணு?"

வெளிச்சம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியும்விட்டேன். அவள் மறுக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கழனியை அவள் முப்பது வருஷம் குனிந்து பார்த்தவள், எந்த எட்டு எங்கே விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கொட்டாயிலேர்ந்து நாலு எட்டு. இது நான் மெரிச்சது. பக்கத்துல இது, அந்தப் பொண்ணு எடுத்து வரப்புல போட்டது." விரல் மூன்றாவது தீற்றலில் நின்றது. "இத்த யாரும் எடுக்கலியேம்மா. உள்ளதான் கெடக்குது. நாளைக்கி எட்டுப் பேரு எறங்குறாங்க, அதுங்களும் வெறுங்காலு."

அவள் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதில்கூட வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தேன். பனி இருந்தது, கண் சரியாகத் தெரியவில்லை என்றெல்லாம். அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். பொய் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் துண்டால் ஈயை விரட்டினாள்.

"பொய் இன்னா பொய்யி. பாத்துதானம்மா இருக்கீங்க. பாக்காம எப்டி இத்தப் போட முடியும்?"

மருமகள் டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தேன்.

மறுநாள் காலை பெண்கள் வருவதற்கு முன்பே கழனிக்குப் போய்விட்டேன். வண்ண டப்பா கொண்டுபோகவில்லை. அந்தப் படத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். ஈசானி மூலை வரப்பு வழக்கம்போல்தான் நாறியது. முந்தின சாயங்காலத்துக் கூத்தின் மிச்சம் அப்படியே கிடந்தது. அதை மிதித்துக்கொண்டுதான் கொட்டகைவரை போக வேண்டும், மிதித்துக்கொண்டு போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினேன். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகச் சேற்றில் கால் வைத்தேன். சில்லென்று விரலிடுக்கில் ஏறி வந்தது. என்னமோ வழவழவென்று கணுக்காலில் ஊர்ந்தது. அழுகின முட்டை நாற்றம். ஒவ்வொரு எட்டும் காலை முழுசாக ஊன்றப் பயந்து, நுனிவிரலால் தடவித் தடவி வைத்தேன். இப்படிப் பயப்படுகிற உரிமைகூட அவர்களுக்கு இல்லை, பாத்தாச்சு என்று ஒருத்தி சொல்லிவிட்டால் ஊன்றி வைத்துத்தான் ஆக வேண்டும்.

வண்டி வந்து நின்றதும் எட்டுப் பேரும் இறங்கி வரப்பில் வரிசையாக நின்றார்கள். டீச்சரம்மா சேற்றில் நிற்பதைப் பார்த்து ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, இன்னொருத்தி அவளை இடித்தாள். இறங்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். இருங்க என்றேன்.

தாளைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன். கொட்டகையின் மூலை, இரண்டாவது பனை, இரண்டுக்கும் நேராக ஒரு கோடு. தாளில் மூன்றாவது மஞ்சள் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் நாற்றுக்கு நடுவே கையைச் சேற்றுக்குள் விட்டேன். மணிக்கட்டுக்கு மேல் போயிற்று. முதல் தடவையிலேயே விரலில் பட்டது. பாட்டிலின் அடிப்பாகம், மூன்று முனையும் மேலே பார்த்து நின்றது.

ஒரு சாண்கூடத் தள்ளி இல்லை. அவ்வளவு நன்றாகப் பார்த்திருக்கிறேன்.